பன்றிக்குப் போட்ட கிழங்குத் தலைகள்

என் புருஷன் செகோவேயும் என் அண்ணன் வைசாக்கேயும் மச்சான்கள். அண்ணன் கட்டியிருப்பது செகோவேயின் தங்கை உனைசியை. செகோவே கட்டியிருப்பது என்னை. எங்கள் வைனிவாவு ஊரில் மச்சான் என்றால் வாயை மூடிக்கொண்டு இருக்கக் கூடாது. கண்ட இடத்தில் வாரிவிட வேண்டும். வாரப்பட்டவன் கோபித்துக்கொள்ளக் கூடாது, அதைவிடப் பெரிதாகத் திருப்பித் தர வேண்டும். கோபித்துக்கொண்டால் ஊரே சேர்ந்து சிரிக்கும்.

அண்ணனுக்கு அது பிறவியிலேயே வந்தது. செகோவேக்கு அரைகுறைதான். இவன் ஒன்றை யோசித்து முடிப்பதற்குள் அவர் மூன்று சொல்லியிருப்பார். வீட்டுக்கு வந்து சாப்பாட்டில் கை வைத்த பிறகுதான் இவனுக்குப் பதில் உதிக்கும். "அப்பவே இதைச் சொல்லியிருக்கணும், மக்கெ" என்று என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு என்னிடம் சொல்லிக் காட்டுவான். கல்யாணத்துக்கு முன்பு நானும் அவனும் கேலிமுறைதான், அதனால் நானும் சும்மா இருக்க மாட்டேன். "நாளைக்கு எழுதி எடுத்துட்டுப் போ" என்பேன்.

அண்ணனிடம் மட்டும் என் வாய் திறக்காது. வயதுக்கு வந்த பிறகு அண்ணன் தங்கை நேருக்கு நேர் பேசிக்கொள்வது எங்களிடம் இல்லை. ஏதாவது சொல்ல வேண்டுமானால் உனைசியிடம் சொல்வேன், அவள் போய்ச் சொல்வாள். உனைசி எனக்கு மதினி, நான் அவளுக்கு மதினி. எங்களுக்குள்ளும் அதே கேலிதான், ஆண்களைவிட ஒரு படி மோசமாக.

போன வருஷம் புதுக் கோயில் கட்டி முடித்தோம். திறப்பு விழா விருந்துக்கு மேல்பக்கத்தார் ஒரு வரிசை, கீழ்ப்பக்கத்தார் ஒரு வரிசை என்று நடுத்திடலில் கிழங்கு அடுக்க வேண்டும். செகோவே மேல்பக்கம், அண்ணன் கீழ்ப்பக்கம். அதற்கு முந்தைய விருந்தில் மேல்பக்கத்து வரிசையைப் பார்த்துவிட்டு அண்ணன் குனிந்து ஒரு கிழங்கை எடுத்து, "மச்சான், இது விருந்துக்கா, சாப்பிட்ட பிறகு பல்லு குத்தவா?" என்று கேட்டார். விருந்தாளிகளும் சிரித்துவிட்டார்கள். போதகர் வாயைப் பொத்திக்கொண்டார். செகோவே அதை ஒரு வருஷம் மென்றுகொண்டிருந்தான்.

தோட்டத்து வள்ளி அந்த வருஷம் சரியாக இறங்கவில்லை. அதனால் இரண்டு பக்கமும் காட்டுக்குப் போனார்கள். கீழ்ப்பக்கத்தார் ஆற்றுச் சரிவுக்கு, மேல்பக்கத்தார் நவாத்து மலைக்கு. திவோலி என்று நாங்கள் சொல்லும் முள் வள்ளி அங்கே மரத்துக்கு மரம் ஏறிக் கிடக்கும். தோண்டுகிற முறை எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கொடியைப் பிடித்துக்கொண்டே போய், அது மண்ணில் இறங்கும் இடத்தில் கழியால் கிளறி, கிழங்கை வெட்டி எடுத்துக்கொண்டு, கொடியும் அது முளைக்கிற கிழங்குத் தலையுமாக இருப்பதைக் குழியிலேயே திரும்ப வைத்து, மக்கின இலையைத் தள்ளி மூடிவிட்டு வர வேண்டும். அடுத்த முறை மண் இளகியிருக்கும், கிழங்கும் நீளமாக இறங்கும். நவாத்து மலையை யாரும் நட்டு வளர்க்கவில்லை, ஆனால் எடுத்தவர்கள் எல்லோரும் திருப்பி வைத்துத்தான் அது அப்படி இருந்தது. புயல் வந்து தோட்டம் போனால் ஊர் முழுக்க அங்கேதான் ஏறும்.

செகோவே ஒரு கணக்குப் போட்டான். தலையோடு தூக்கினால் ஒவ்வொரு கிழங்கும் ஒரு சாண் கூடும். வரிசை நீளும், பார்க்கவும் தடியாக இருக்கும். மேல்பக்கத்துப் பையன்களைப் பிரித்துப் பிரித்து மலைக்கு அனுப்பினான். ஒவ்வொரு கூட்டத்தையும் தனியாகக் கூப்பிட்டு, "உங்க பக்கம் மட்டும் தலையோட எடுத்துடுங்க, மத்தவங்க வழக்கம்போல வெச்சிட்டு வருவாங்க" என்று ஒரே பேச்சைச் சொன்னான். அவனவனுக்கு அவனவன் தோண்டிய குழிதான் தெரியும். மலை முழுக்க நடந்தவன் செகோவே ஒருத்தன்தான்.

அவனைக் கெட்டவன் என்று நினைத்துவிட வேண்டாம். திருப்பி வைக்கிற எண்ணம் அவனுக்கு இருந்தது. விருந்தில் மேல்பக்கத்து வரிசை திடலைத் தாண்டிப் போதகர் வீட்டு வாசல் வரைக்கும் போயிற்று. பங்கு பிரிக்கும்போது தலைகளை எல்லாம் வெட்டி வாங்கி, சாக்குகளில் கட்டி, இரண்டு பையன்களோடு சுமந்துகொண்டு வந்து சமையல் கொட்டகையில் இறக்கினான்.

"ஈரச் சாக்கு போட்டு மூடி வை. தினமும் தண்ணி தெளி. விருந்தாளிங்களை ஊர்ல கொண்டுபோய் விட்டுட்டு வந்ததும் மலையில வெச்சிடறேன்" என்றான்.

"தலையைச் சேத்தா வரிசையை நீட்டினே? அண்ணனுக்குத் தெரிஞ்சா உன் தலையையும் வரிசையில வெச்சிடுவாரு."

"தெரியாதுல்ல. நீ வாயை மூடிட்டு இரு."

போனவன் சீக்கிரம் திரும்பவில்லை. சுவா நகரத்தில் யாரோ சொந்தக்காரனுக்குக் கூரை போட உதவிக்கு நின்றுவிட்டான். எனக்கு விருந்துக்குச் சமைத்த அலுப்பு இடுப்பை விட்டு இறங்கவில்லை. பன்றிக்குப் போட வீட்டில் ஒன்றும் இல்லை. மரவள்ளித் தோட்டம் ஆற்றுக்கு அந்தப் பக்கம். பன்றி கத்திக்கொண்டே இருந்தது. சாக்கிலிருந்து ஒரு கை அள்ளிப் போட்டேன். நாலு தலை போனால் என்ன, இவ்வளவு இருக்கிறதே என்று நினைத்தேன். மறுநாளும் அதையே நினைத்தேன். பன்றிக்கு ருசி பிடித்துவிட்டது, எனக்கு வசதி பிடித்துவிட்டது. செகோவே வந்தபோது சாக்குகளை உதறி மடித்து வைத்திருந்தேன்.

"எங்கே?" என்றான்.

"பன்னி கயித்தை அத்துக்கிட்டு வந்து தின்னுடுச்சு" என்றேன். எப்படி அவ்வளவு சட்டென்று வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அவன் மடித்த சாக்கின் மேல் உட்கார்ந்தான். என்னைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன், அந்தக் கத்தலில் உண்மை வெளியே வந்தாலும் வந்திருக்கும். அவன் பாவம், "சரி விடு. மலை பெருசு" என்று சொல்லிவிட்டு எழுந்து குளிக்கப் போனான்.

அதன் பிறகு ஒரு நாள் அண்ணன் பன்றி வேட்டைக்கு நவாத்து மலை ஏறினார். அன்றைக்குச் சாயங்காலம் ஊர்த் தலைவர் வீட்டில் குடிக்க யங்கோனா வேரை இடித்துக் கரைத்துக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் கிண்ணத்தைச் சுற்றி, பெண்கள் நாங்கள் கதவோரம். அண்ணன் உள்ளே வந்து உட்கார்ந்ததுமே எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தோம், இன்றைக்கு என்ன வரும் என்று.

"மச்சான்" என்றார் செகோவேயைப் பார்த்து. "மலை முழுக்கக் குழி குழியா கிடக்கு. ஒரு தலையைக்கூட திருப்பி வெக்கல. கேலிக்குச் சொல்லல."

உடனே கொல்லென்று சிரிப்பு. கேலி இல்லை என்று சொல்லித்தான் அவர் எந்தக் கேலியையும் ஆரம்பிப்பார்.

செகோவேயின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். பிறகு, என்ன ஆயிற்றோ, வாழ்க்கையில் முதல் தடவையாக அவனுக்குப் பதில் நேரத்துக்கு வந்தது.

"போன தடவை பன்னி இவனைத் துரத்தி மரத்துல ஏத்திவிட்டுச்சு, ஞாபகம் இருக்கா? இந்தத் தடவை குழிக்குள்ள தள்ளிவிட்டிருக்கு போல. குழிக்குள்ள கிடந்து பாத்தா மலையெல்லாம் குழியாத்தான்டா தெரியும்!"

ஊர்த் தலைவர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பெரியவர் ஒருத்தர் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். அண்ணன் கையைத் தூக்கி, "அட, நெசமாத்தான் சொல்றேன்" என்றார். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. உனைசி என் தோளில் முகத்தைப் புதைத்துக் குலுங்கினாள். நானும் சிரித்தேன். சிரித்தது மட்டுமா, கையும் தட்டினேன். என் புருஷன் ஜெயித்த முதல் நாள் அது, அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அண்ணன் கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தன் முறை வந்ததும் கிண்ணத்தை வாங்கிக் குடித்தார்.

பிப்ரவரியில் புயல் வந்தது. ஆள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, கோயிலில் ஒண்டிக்கொண்டோம். வெளியே வந்து பார்த்தபோது மரவள்ளி எல்லாம் வேரோடு சாய்ந்திருந்தது, வாழை முறிந்திருந்தது, சேம்பு வயலில் சேறு ஏறியிருந்தது. ஆற்றுச் சரிவு அப்படியே இடிந்து ஆற்றில் இறங்கிவிட்டது, அதோடு கீழ்ப்பக்கத்தாரின் வள்ளிக்காடும் போயிற்று. சாலையும் இரண்டு இடத்தில் காணவில்லை. சாய்ந்த மரவள்ளியை அழுகுவதற்குள் தின்று தீர்த்தோம். பிறகு அதுவும் தீர்ந்தது.

ஊர்த் தலைவர் எல்லோரையும் கூட்டினார். "பயப்பட ஒண்ணும் இல்ல. நமக்கு நவாத்து இருக்கு. நாளைக்குப் பொம்பளைங்க எல்லாம் கூடை எடுத்துக்கிட்டு ஏறுங்க. ஆம்பளைங்க சாலை வெட்டணும்."

அண்ணன் எழுந்தார். "போக வேணாம். அங்க ஒண்ணும் இல்ல. நான் அன்னைக்கே சொன்னேன்."

ஒருத்தன் பின்னால் சிரித்தான். ஊர்த் தலைவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"வைசாக்கே, புள்ளைங்க பசியோட கிடக்கு. இப்பவுமா உனக்கு விளையாட்டு? வெக்கமா இல்ல? உக்காரு."

அண்ணன் உட்காரவில்லை. செகோவேயைப் பார்த்தார். இதுவரை நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை, கெஞ்சுகிற மாதிரி இருந்தது. ஒரே ஒரு வார்த்தை, ஆமாம் என்று செகோவே சொன்னால் போதும். செகோவே பாயில் பிரிந்திருந்த ஓலையைப் பிய்த்துக்கொண்டிருந்தான். நானும் சொல்லியிருக்கலாம். பெண்கள் கூட்டத்தில் பேசக் கூடாது என்று ஒன்றும் இல்லை, வேறு விஷயத்துக்கெல்லாம் நான் பேசியிருக்கிறேன். அண்ணன் உட்கார்ந்தார். அவர் பக்கத்தில் இருந்தவன் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தான்.

மறுநாள் நானும் கூடையை எடுத்துக்கொண்டு ஏறினேன். இதைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. ஒன்றும் இல்லை என்று தெரிந்தே, கழியும் கத்தியுமாக, மற்றவர்களோடு சேர்ந்து பசியோடு அந்த மலையை ஏறினேன். மரங்கள் இலையே இல்லாமல் மொட்டையாக நின்றன. பாதை வழுக்கியது. உனைசி முன்னால் போய்க்கொண்டே திரும்பித் திரும்பி என்னைச் சீண்டினாள்.

"என்ன மதினி, மூஞ்சி செத்துக் கிடக்கு? உன் புருஷன் ராத்திரி தூங்க விடலையா?"

"பசி."

"பசிக்கே இப்படின்னா நீ எங்க அண்ணனுக்கு எப்படிடி ஆறு வேளை வடிச்சுக் கொட்டறே? மூணு ஆள் சாப்பாடு அவனுக்கு."

பின்னால் வந்த பெண்கள் சிரித்தார்கள். சிரித்தால் பசி கொஞ்சம் மறக்கும் என்றுதான் அவள் அப்படிப் பேசிக்கொண்டு வந்தாள். நான் மூச்சு வாங்குகிற மாதிரி நடித்தேன்.

முதல் குழியில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. இரண்டாவதிலும் அதேதான். பெண்கள் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்து போய்ப் பார்த்துவிட்டு ஒருத்தர் பின்னால் ஒருத்தராக வந்தார்கள். காய்ந்த கொடி மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது, கீழே அதற்கு வேர் இல்லை. தாரைவினி என்கிற பெரியம்மா ஒரு குழிக்குள் கையை விட்டுத் துழாவினாள்.

"பன்னி தோண்டினதா இருக்கும்" என்றாள் ஒருத்தி.

"பன்னி கழி வெச்சா தோண்டும்?" என்றாள் தாரைவினி. "வேத்தூர்க்காரன் வந்து வழிச்சிட்டுப் போயிருக்கான். மேல ஆத்துக்காரனுங்க. அவனுங்கதான்."

எல்லோரும் மேல ஆற்றுக்காரர்களைத் திட்ட ஆரம்பித்தார்கள். நானும் தலையை ஆட்டினேன்.

உனைசி மட்டும் குழியோரம் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அந்த ஆளு சொன்னாரு மதினி" என்றாள். "வீட்டுலயும் சொன்னாரு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? படுங்க, காலைல சிரிக்கிறேன்னு சொன்னேன்." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. நான் அவள் தோளைத் தொட்டேன். அந்தக் கை என்ன செய்தது என்று தெரியாமல் அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

வெறுங்கூடையோடு இறங்க யாருக்கும் மனம் வரவில்லை. கைலே என்கிற கொடிகளில் காய் மாதிரி தொங்கும் கசப்புக் கிழங்கு அங்கங்கே இருந்தது. அதை மெல்லியதாகச் சீவி, ஓடுகிற தண்ணீரில் நாள் கணக்காக ஊறவைத்து, நஞ்சு போன பிறகுதான் தின்ன முடியும். அதைப் பறித்துக்கொண்டு வந்தோம். ஓடையோ புயலுக்குப் பிறகு சேறாக ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் கூடைகளைக் கல்லில் கட்டி ஓடையில் விட்டுவிட்டுக் காத்திருந்தோம்.

உனைசியின் மகள் செய்னி சின்னப் பிள்ளை, காத்திருக்கத் தெரியாது. பசி பசி என்று அழுதாள். உனைசி ஓடைக்குப் போய் ஒரு துண்டைக் கடித்துப் பார்த்திருக்கிறாள். கசப்பு அவ்வளவாகத் தெரியவில்லை. பசித்த நாக்குக்கு என்ன தெரியும். ஒரு பிடி எடுத்து வேகவைத்துக் கொடுத்துவிட்டாள்.

பிள்ளை முதலில் வாந்தி எடுத்தாள். பிறகு கை கால் இழுத்தது. வாயோரம் நுரை வந்தது. உனைசியின் அலறல் கேட்டு நாங்கள் ஓடினபோது அண்ணன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டார். நர்ஸ் இருக்கிற ஊர் மண்சரிவுக்கு அந்தப் பக்கம். செகோவே ஒன்றும் கேட்காமல் அவர் பின்னால் ஓடினான். சரிவின் சேற்றில் ஒருத்தர் கை மாற்றி ஒருத்தர் பிள்ளையைச் சுமந்துகொண்டு போனார்கள் என்று பிறகு சாலை வெட்டினவர்கள் சொன்னார்கள். இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பிள்ளை பிழைத்துக்கொண்டாள்.

செகோவே அவர்களோடு திரும்பி வந்தபோது உடம்பெல்லாம் சேறு. சமையல் கொட்டகையில் வந்து என் எதிரே உட்கார்ந்தான்.

"நாளைக்கு யங்கோனா வேர் எடுத்துட்டு மச்சான் வீட்டுக்கு மன்னிப்புக் கேக்கப் போறேன். ஊர்த் தலைவரையும் வரச் சொல்லியிருக்கேன். எல்லாத்தையும் சொல்லிடப் போறேன்."

நான் அடுப்பை ஊதினேன். அதில் வைக்க ஒன்றும் இல்லை, தண்ணீர்தான் இருந்தது.

"நீ பயப்படாதே" என்றான். "பன்னி அத்துக்கிட்டு வந்தது உன் தப்பு இல்ல. சாக்கை உன் தலையில கட்டிட்டு ஊர் சுத்தப் போனது என் தப்பு. அன்னைக்கே மலையில வெச்சிருந்தா பாதியாவது முளைச்சிருக்கும்."

இதுதான் நேரம் என்று எனக்குத் தெரிந்தது. அவன் முகம் எதிரிலேயே இருந்தது. வாயைத் திறந்தேன், "தண்ணி கொதிச்சிடுச்சு, டீ போடறேன்" என்றேன். டீத்தூள் இல்லை என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

அண்ணன் வீட்டில் செகோவே வேரை நடுவில் வைத்து, மண்டியிட்டு, தலை குனிந்து எல்லாவற்றையும் சொன்னான். தலையோடு தோண்டச் சொன்னதை, ஒவ்வொரு கூட்டத்திடமும் தனித்தனியாகப் பொய் சொன்னதை, அண்ணன் உண்மையைச் சொன்னபோது அதைச் சிரிப்பாக்கினதை, கூட்டத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்ததை. "தலைங்களைக் கொண்டு வந்து வெச்சிருந்தேன். பன்னி தின்னுடுச்சு" என்றான். நான் பெண்களோடு கதவோரம் இருந்தேன். உனைசி எனக்குப் பக்கத்தில், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு. ஊர்த் தலைவர் அண்ணனிடம் தான் பேசின பேச்சுக்காகத் தானும் கைகூப்பினார்.

அண்ணன் வேரைத் தொட்டார். முறைப்படி கையைக் குவித்துத் தட்டினார். எடுத்துக்கொண்டாயிற்று, முடிந்தது என்று பொருள். எல்லோரும் மூச்சு விட்டோம். இப்போது ஏதாவது ஒன்று சொல்வார், இந்த மாதிரி மண்டியிட்டுக் கிடக்கிற மச்சானை விடுவாரா, இத்தனை நாள் பசிக்கும் சேர்த்து வைத்துச் சிரிப்போம் என்று சில பேர் முகத்தைத் தயாராகக்கூட வைத்திருந்தார்கள்.

"எழுந்திருங்க" என்றார் அண்ணன். "பெரியவங்க முன்னால முடிஞ்சுபோச்சு. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க."

செகோவே நிமிர்ந்து அவரைப் பார்த்தான். கேலியாக இருக்கும் என்று கொஞ்ச நேரம் நம்பியிருப்பான் போல. அண்ணன் முகத்தில் கேலி இல்லை, கோபமும் இல்லை. போதகரிடம் பேசுகிற முகம்.

அதிலிருந்து அப்படித்தான். சாலை திறந்து லாரியில் அரிசி வந்தபோது, "நீங்க முதல்ல எடுத்துக்கோங்க" என்றார். யங்கோனா கிண்ணத்தில் செகோவேக்குத் தும்மல் வந்து முகமெல்லாம் தெறித்தது, வேறு நாளாக இருந்தால் ஒரு மாசத்துக்குத் தாங்கும் விஷயம், அண்ணன் துண்டை நீட்டினார். செகோவே வலியப் போய் வம்புக்கு இழுத்தும் பார்த்தான். "மச்சான், உன் மூக்கு புயலுக்கு அப்புறம் இன்னும் சப்பையாயிடுச்சுடா" என்றான். "ஆமாங்க" என்றார் அண்ணன். வீட்டுக்கு வந்து செகோவே சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

மழை விட்ட பிறகு மேல ஆற்றுக்காரர்களிடம் போய்த் தலைகள் கேட்டு வாங்கி வந்தோம். நாங்கள் திட்டின அதே மேல ஆற்றுக்காரர்கள். அவர்கள் ஒன்றும் கேட்காமல் கொடுத்தார்கள். ஊரே சேர்ந்து நவாத்து ஏறினது. பழைய குழிகளில் தண்ணீரை இறைத்துவிட்டு, தலையை வைத்து, இலைமக்கை வாரிப் போட்டு மூடினோம். கிழங்கு இறங்கிப் பழைய மாதிரி ஆக வருஷங்கள் ஆகும். அதுவரை புயல் வரக் கூடாது என்று போதகர் மலையிலேயே ஜெபம் பண்ணினார்.

வேலை நடுவில் செகோவே வழுக்கினான். கூடையோடு மல்லாக்க விழுந்து, சரிவில் உட்கார்ந்தபடியே சறுக்கி, நேராக அண்ணன் காலடியில் வந்து நின்றான். பையன்களால் அடக்க முடியவில்லை. எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். அண்ணன் குனிந்து கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டார்.

"பாத்து வாங்க. அடி ஒண்ணும் படலையே?"

சிரிப்பு அங்கேயே நின்றுபோனது. செகோவே சேற்றைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கமாகத் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கினதை நான் பார்த்தேன்.

அந்த இறுக்கத்தைக் கலைக்கத்தான் உனைசி வாயைத் திறந்தாள், வேறு எதற்கும் இல்லை. எனக்கு நேர் எதிர்க் குழியில் மண் தள்ளிக்கொண்டிருந்தவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இந்தக் கூத்தெல்லாம் யாரால? எங்க மதினியாலதான்! ஊரே பட்டினி கிடந்தப்ப இவ வீட்டுப் பன்னி மட்டும் விருந்து சாப்பிட்டிருக்கு. ஒரு கயித்தை ஒழுங்கா கட்டத் தெரியாதவளைக் கொண்டாந்து எங்க அண்ணன் தலையில கட்டிட்டாங்களே!"

எல்லோரும் சிரித்தார்கள், நிம்மதியாக, அப்பாடா என்று. உனைசி முகம் முழுக்கச் சிரிப்போடு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் திருப்பித் தர வேண்டும், அதற்குத்தான் காத்திருந்தாள். கயிறு அறுபடவே இல்லை, நானே அள்ளிப் போட்டேன் என்று சொல்ல இதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைக்காது. சொன்னால் நாளையிலிருந்து அவளும் என்னை வாங்க, உட்காருங்க என்பாள். செகோவேயின் முதுகைப் பார்த்தேன். யோசிப்பதற்கு முன் வாயில் வந்துவிட்டது.

"உங்க அண்ணனுக்காவது கட்டத் தெரியாதவதான் வாச்சா. எங்க அண்ணனுக்குக் கிழங்கு வேகவெக்கக்கூடத் தெரியாதவ வாச்சாளே!"

ஒரே சிரிப்பு. தாரைவினி பெரியம்மா கழியைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். உனைசியும் சிரித்தாள், முறைக்குச் சிரிக்க வேண்டும், சிரித்தாள். அண்ணனின் கை மண்ணிலேயே நின்றுவிட்டது. அவர் தலை தூக்கவில்லை. உனைசி இன்னும் கொஞ்சம் சிரித்துக்கொண்டே கண்ணை எங்கேயோ திருப்பி, குழியோரம் விளையாடிக்கொண்டிருந்த செய்னியை இழுத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். பிறகு குனிந்து, அவள் குழியில் ஏற்கெனவே மூடியிருந்த மண்ணை மறுபடியும் கையால் அமுக்கிக்கொண்டிருந்தாள்.

நான் கூடையிலிருந்து அடுத்த தலையை எடுத்தேன்.